மூக்கரின் கைக்கடிகாரம்

பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவாக இருந்தாலும், வேலை செய்கிற மின்னணுச் சில்லு ஆலையில் எல்லோருக்கும் அவர் மூக்கர்தான். மூக்கு பெரிதாக இருந்து வந்த பட்டம் இல்லை அது. உள்ளதைச் சொன்னால் கொஞ்சம் சப்பை மூக்கு. ஆனால் அந்த மூக்குக்கு அங்கே இருந்த மரியாதை முதலாளிக்குக்கூடக் கிடையாது. தினமும் காலையில் சில்லு அரிக்கும் அறையின் கதவை ஒரு சாண் திறந்து, தலையை மட்டும் உள்ளே நீட்டி, நன்றாக இழுத்து மோந்துவிட்டு, "சுத்தம்!" என்பார். அந்த ஒரு சொல் காதில் விழுந்த பிறகுதான் மற்றவர்கள் காலெடுத்து உள்ளே வைப்பார்கள்.

வாயு கசிந்தால் எச்சரிப்பதற்கென்று சுவரில் ஒரு கருவி இருக்கத்தான் செய்தது. ஆனால் தரை துடைக்கிற மருந்து வாசனைக்கெல்லாம் அது வீறிட்டு அலறியது. அலறி அலறியே எல்லோருக்கும் வெறுத்துப்போய், ஒரு மாதத்துக்கு முன்னால் பழுது பார்க்க அனுப்பிவிட்டார்கள். "மூக்கர் இருக்காருல்ல, அப்புறம் என்ன?" என்றார் மேலாளர். மனுஷன் படித்தவர்தான். படித்தவர்களுக்குச் சில நேரம் இப்படி ஆகிவிடுகிறது.

அந்த அறையில் இருந்தது என்னவென்று மூக்கரின் மனைவிக்குக் கல்யாணமான புதிதிலேயே தெரியும். அவள் கடைத்தெருவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லை தேய்ப்பவள். அதனால் அக்கம்பக்கத்தில் கண்ணாடிக்காரம்மா. அப்போதெல்லாம் மாலையில் இரண்டு பேரும் நடக்கப் போவார்கள். ஒரு நாள் அவர் தன் வேலையை விளக்கினார்.

செனான் என்று ஒரு வாயு. பள்ளிக்கூடப் புத்தகத்தில் மந்த வாயுக்கள் என்று ஓர் ஓரமாக உட்கார்த்தி வைத்திருப்பார்களே, அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது. யாரோடும் ஒட்டாது, யாரோடும் சேராது. ஃபுளூரின் அதற்கு நேர் எதிர். கண்ணில் பட்ட எதையும் எட்டிப் பிடித்துக்கொள்ளும் முன்கோபி. இந்த இரண்டையும் பிடித்துக் கட்டி வைத்தால் சர்க்கரை போல வெள்ளை வெளேரென்று படிகம் கிடைக்கும். செனான் டைஃபுளூரைடு. பாச்சை உருண்டை கரைகிற மாதிரி, உருகாமலேயே ஆவியாகும். காது கேட்கும் கருவிக்குள் நகக்கண் அளவுக்கு ஒரு சில்லு இருக்கிறதல்லவா, அதில் வேண்டாத சிலிக்கானை மட்டும் அந்த ஆவி பதமாகத் தின்றுவிட்டு, மெல்லிய சவ்வை அப்படியே விட்டுவைக்கும். கத்தியாலோ தண்ணீராலோ ஆகாத வேலை.

"நான் செனான், நீ ஃபுளூரின்," என்றார் அவர்.

"அதாவது, நான் கோவக்காரி. அதைத்தானே சொல்ல வர்றீங்க?"

"நீ மட்டும் வரலைன்னா நான் அந்த ஓரத்துலயே உக்காந்திருப்பேன்னு சொல்ல வர்றேன்."

அவளுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. ஆனாலும் விடவில்லை. "ரெண்டும் சேர்ந்தா ஆபத்து ஒண்ணும் இல்லையே?"

"ஈரம் படாம பாத்துக்கணும், அவ்வளவுதான். நீ அழக்கூடாது."

ஈரம் பட்டால் என்ன ஆகும் என்பதையும் சொன்னார். காற்றில் இருக்கும் ஈரமே போதும், ஹைட்ரோஃபுளூரிக் அமிலமாக மாறிவிடும். கண்ணாடியையே தின்கிற அமிலம். கொஞ்சமாகத் தோலில் பட்டால் அப்போதைக்கு ஒன்றும் தெரியாது. உள்ளே இறங்கி எலும்பில் இருக்கிற சுண்ணாம்புச் சத்தைத் தேடிப் போகும். வலி தெரிகிறபோது பல மணி நேரம் ஓடியிருக்கும். மூச்சில் போனால் நுரையீரல். அறை வாசலில் ஒரு சிவப்புப் பொத்தான், வெளிவாசலில் காவலாளி பக்கத்தில் ஒன்று. எதை அமுக்கினாலும் சங்கு ஊதி, எல்லோரும் கட்டடத்தைவிட்டு வெளியே வந்துவிட வேண்டும் என்றார். "ஆனா எனக்கு முன்னாடியே தெரிஞ்சிடும். அதுக்குத் தொண்டையைப் பிடிக்கிற ஒரு கெட்ட நாத்தம் இருக்கு. என் மூக்கை ஏமாத்த முடியாது," என்றும் சேர்த்துக்கொண்டார். இருபத்திரண்டு வருஷமாக அவள் அந்த மூக்கை நம்பித்தான் மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

இதெல்லாம் பழைய சங்கதி. இப்போது நடந்ததற்கு வருகிறேன்.

அந்த வாரம் திங்கட்கிழமை அவள் கையில் ஏதோ தடிப்பு என்று போக, தோல் மருத்துவர் ஒரு சோப்பு எழுதிக்கொடுத்தார். வாசனை துளிகூட இல்லாத சோப்பு. அதைத் தேய்த்துக் குளித்துவிட்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் திரும்பிப் பார்த்து, "புது சோப்பா? வாசனை ஆளைத் தூக்குதே," என்றார்.

சோப்பில் வாசனை இல்லை என்பது அவளுக்குத் தெரியும். ஆகவே வாசனை தன்னுடையதுதான் என்று எடுத்துக்கொண்டாள். நாற்பத்தெட்டு வயதில் இப்படி ஒன்றைக் கேட்டால் யாருக்குத்தான் தலைகால் புரியும்? மூன்று நாள் அவள் கடையில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே வில்லை தேய்த்தாள். வாடிக்கையாளர் ஒருவர் இடது வில்லையை வலப்பக்கம் மாட்டிக் கொடுத்துவிட்டதாகத் திரும்பி வந்தார். அவரிடமும் சிரித்தாள்.

வியாழக்கிழமை காலையில் அவள் குளித்துக்கொண்டிருந்தபோது பால் தீய்ந்தது. குளியலறைக் கதவைத் தாண்டி நெடி வந்தது. ஈரத்தலையோடு ஓடி வந்து பார்த்தால், அடுப்பிலிருந்து இரண்டு எட்டுத் தள்ளி உட்கார்ந்து மூக்கர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருக்கிறார். பாத்திரம் கரிக்கட்டையாகிவிட்டது.

"என்னங்க இது? வீடே நாறுது, குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கீங்க!"

"பேப்பர்ல மூழ்கிட்டேம்மா," என்றவர் முகத்தைத் தாளுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டார். பிறகு, பேச்சை மாற்றுகிற மாதிரி, "இன்னிக்குப் பதினோரு மணிக்கு எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு பெல்ட் மாத்துறாங்க. அரை மணி நேரம் நிறுத்தி வைப்பாங்க. நானும் குட்டியும் உள்ளயே இருந்து மிஷினைப் பாத்துக்கணும்," என்றார். குட்டி என்றால் குட்டி இன்ஜினியர். ஆள் குள்ளம், அறிவு நெடுநெடு. மூக்கரை அண்ணன் என்றும் இவளை அண்ணி என்றும் கூப்பிடுகிற பெண்.

"உங்க வாட்சை நான் எடுத்துட்டுப் போறேன். கண்ணாடி மங்கிப்போய் பாக்கவே சகிக்கல. கடையில தேச்சுக் கொண்டாறேன்," என்றாள் அவள். பத்தாம் திருமண நாளுக்கு அவள் வாங்கிக் கொடுத்த கைக்கடிகாரம் அது.

பத்து மணிக்கு மேல், கடையின் பின்னறையில், துணிச் சக்கரத்தில் பசையைத் தடவிக் கடிகாரத்தின் கண்ணாடியை அதில் காட்டினாள். தேய்த்தாள். துடைத்துப் பார்த்தாள். மங்கல் அப்படியே இருந்தது. இன்னும் கொஞ்சம் பசை, இன்னும் கொஞ்ச நேரம். ஊஹூம். கண்ணில் உருப்பெருக்கியை மாட்டிக்கொண்டு குனிந்தாள்.

கீறல் என்றால் கோடு கோடாக இருக்கும். அவள் வாழ்நாளில் பார்க்காத கீறலா? இது கோடு இல்லை. பொடிப்பொடியாக, குளியலறை ஜன்னலுக்குப் போடுகிற பால் கண்ணாடி மாதிரி இருந்தது. அதுவும் ஒரு பக்கம் அதிகமாக, மறுபக்கம் போகப்போகக் குறைவாக. கடையில் வில்லையின் ஓரத்தில் அடையாளம் பொறிக்க ஒரு களிம்பு வைத்திருந்தார்கள். அதைத் தடவிக் கழுவினால் கண்ணாடி இப்படித்தான் ஆகும். அது அமிலக் களிம்பு.

கண்ணாடியைத் தின்கிற அமிலம் இவர் கைக்கு எங்கிருந்து வந்தது?

கைக்கு வரவில்லை. முழங்கை வரை உறை மாட்ட வேண்டும் என்பதால் உள்ளே போனதும் கடிகாரத்தைக் கழற்றி, அந்தப் படிகம் அடைத்த பாட்டிலை வைக்கிற பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு கொக்கியில் தொங்கவிடுவார். பன்னிரண்டு வருஷமாக அதே கொக்கி என்று அவரே சொல்லியிருக்கிறார். கடிகாரம் நாள் முழுக்க அங்கே தொங்கும். பெட்டியிலிருந்து ஆவி கசிந்தால் முதலில் அதன் முகத்தில்தான் படும்.

சே, இருக்காது, என்று நினைத்தாள். கசிந்தால் இவர் மூக்குக்குத் தெரியாமல் போகுமா? ஊசிப்போன ரொட்டியைத் தெருமுனையிலேயே கண்டுபிடிக்கிறவராயிற்றே.

அப்போதுதான் அவளுக்குப் பால் ஞாபகம் வந்தது. போன மாதம் அவருக்கு வந்த ஜலதோஷம் ஞாபகம் வந்தது. அதற்குப் பிறகு இவள் எதைச் செய்து போட்டாலும் "பிரமாதம்" என்று ஒரே சொல்லில் அவர் முடித்துக்கொண்டதும் ஞாபகம் வந்தது. கடைசியாக அந்த சோப்பு.

இரண்டு அடி ஒரே நேரத்தில் விழுந்த மாதிரி இருந்தது. அவர் மூக்கு செத்துப் போயிருக்கிறது, அதோடு தினமும் காலையில் "சுத்தம்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார் என்பது ஒன்று. தன்னிடம் ஒரு வாசனையும் இல்லை என்பது இன்னொன்று. இரண்டாவதற்காக அழ அவளுக்கு நேரமில்லை. மணி பத்து இருபத்தைந்து. பதினோரு மணிக்கு ஃபேன் நின்றுவிடும். இதுவரை கசிந்ததையெல்லாம் வெளியே இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தது அந்த ஃபேன் ஒன்றுதான்.

தொலைபேசியில் வாசல் காவலாளிதான் கிடைத்தார். உள்ளே இருப்பவர்களின் போன்கள் எல்லாம் பூட்டி வைத்திருக்கும். "மத்தியானம் சாப்பிட வரப்ப சொல்லிடறேம்மா," என்றார் அவர். கண்ணாடிக்காரம்மா மறுபேச்சுப் பேசாமல் டாக்ஸி பிடித்தாள். வழியெல்லாம் ஓட்டுநரை அவள் படுத்தின பாட்டைச் சொன்னால் அதுவே தனிக் கதையாகிவிடும்.

பத்து ஐம்பத்திரண்டுக்கு வாசலில் இறங்கினாள்.

"அனுமதிச் சீட்டு இல்லாம உள்ள விட முடியாதும்மா," என்றார் காவலாளி.

"நான் உள்ள போகவே வேண்டாம். உள்ள இருக்கறவங்க வெளிய வரணும். உள்ள வாயு கசியுது. உங்க பின்னாடி ஒரு சிவப்புப் பொத்தான் இருக்குதே, அதை அமுக்குங்க."

"அதெல்லாம் மேலாளர் சொல்லாம..."

ஃபுளூரின் என்று மூக்கர் அவளுக்குச் சும்மா பெயர் வைக்கவில்லை. காவலாளி அந்தப் பேச்சை முடிப்பதற்குள் அவள் கையை நீட்டி, கண்ணாடி மூடியை முழங்கையால் உடைத்து, பொத்தானை அமுக்கிவிட்டாள்.

சங்கு ஊதியது. கதவுகள் திறந்தன. வெள்ளை உடுப்பும் தொப்பியுமாக நாற்பது பேர் வெளி முற்றத்துக்கு வந்து வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார்கள். குட்டி இன்ஜினியர் வந்தாள். கடைசி ஆளாக, கதவைச் சாத்திவிட்டு மூக்கர் வந்தார். அவரைப் பார்த்த பிறகுதான் இவளுக்கு மூச்சு வந்தது.

"யார் அமுக்கினது?" மேலாளர் கத்தினார்.

"நான்தான் சார்." கடிகாரத்தை நீட்டினாள். "நான் கண்ணாடி தேய்க்கறவ. இது கீறல் இல்ல, அமிலம் தின்ன கண்ணாடி. இது தொங்குறது உங்க பாட்டில் பெட்டிக்குப் பக்கத்துல."

மேலாளர் அதை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "பழைய வாட்ச்னா மங்கத்தாம்மா செய்யும். இதுக்காக ஒரு ஃபாக்டரியையே நிறுத்துவீங்களா? காலையில மூக்கர் மோந்து பாத்து சுத்தம்னு சொன்னாரு. கேளுங்க அவரையே!"

நாற்பது பேரும் மூக்கரைப் பார்த்தார்கள்.

அவளுக்குச் சொல்லத் தெரியாதா? "அந்த மூக்குக்கு ஒரு மாசமா ஒண்ணும் தெரியாது" என்று ஒரே வரியில் முடித்திருக்கலாம். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் சொல்லவில்லை. ஊர் முழுக்க அவளுக்குக் கோபக்காரி என்று பெயர் இருந்தாலும், நாற்பது பேர் முன்னால் அதை ஒப்புக்கொள்கிற வேலையை அவரிடமே விட்டாள். கடிகாரத்தைப் பிடித்த கை மட்டும் நீட்டினபடியே இருந்தது.

மூக்கர் ஓர் அடி முன்னால் வந்தார். தொப்பியைக் கழற்றினார். "எனக்கு ஒரு மாசமா எந்த வாசனையும் தெரியல சார். ஜலதோஷம் வந்து போனதோட போச்சு. ரெண்டு நாள்ல வந்துடும் வந்துடும்னு பாத்தேன். வரல. தெனமும் காலையில நான் சொன்னது பொய்."

குட்டி இன்ஜினியர்தான் முதலில் அசைந்தாள். முழு உடுப்பும் முகமூடியும் மாட்டிக்கொண்டு, நனைத்த லிட்மஸ் தாளோடு இன்னொருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு உள்ளே போனாள். ஐந்து நிமிஷத்தில் திரும்பினாள். நீலத்தாள் நல்ல சிவப்பாகியிருந்தது.

"பாட்டில் கழுத்துல, மூட்டுக்குக் கீழ கசியுது. வால்வை மூடினாலும் நிக்காது," என்றாள் முகமூடியைக் கழற்றிவிட்டு. "பெட்டிக்குள்ள இருக்கற பல்பும் பால் மாதிரி ஆயிருக்கு. நாம எல்லாரும் தூசின்னு நெனச்சோம்." பிறகு மூக்கரிடம் திரும்பினாள். திட்டப்போகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். "அண்ணே, பதினோரு மணிக்கு அந்தப் பெட்டிகிட்ட நிக்க வேண்டியது நான்," என்று மட்டும் சொன்னாள். அவருக்கு அதைவிட நாலு அறை வாங்கியிருந்தால் தேவலை என்று இருந்திருக்கும்.

மணிக்கட்டில் கடிகாரப் பட்டை படுகிற இடம் அவருக்குச் சிவந்திருந்தது. வேர்க்குரு என்று விட்டிருந்தார். ஆலை மருத்துவர் அதைப் பார்த்ததும் கால்சியம் களிம்பை ஒரு ரப்பர் உறைக்குள் பிதுக்கி, அதற்குள் அவர் கையை விடச் சொன்னார். இரத்தம் எடுத்தார், நெஞ்சுக்குக் குழாய் வைத்துக் கேட்டார். "பிழைச்சீங்க. ஃபேன் ஓடினதால பிழைச்சீங்க," என்றார். மூக்கைப் பற்றிக் கேட்டதற்கு, "ஜலதோஷத்துல போனது திரும்ப வரலாம், வராமலும் போகலாம். அடிக்கடி ஏதாவது மோந்து பாத்துப் பழகுங்க," என்றார். கடிகாரத்தை வெறுங்கையால் பிடித்துக்கொண்டு வந்தவள் என்பதால் அவளுக்கும் இரண்டு கைக்கும் களிம்பு உறை கிடைத்தது.

வெளியே பெஞ்சில் இரண்டு பேரும் கொழகொழவென்ற உறைகளோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"எங்கிட்டக் கூடவா சொல்லக்கூடாது?" என்றாள் அவள்.

"உங்கிட்ட சொன்னா அடுத்த நிமிஷம் என்னை வேலைக்குப் போக விடமாட்டியே. அந்த மூக்கு இல்லைன்னா அங்க நான் யாரு?"

"குட்டிக்கு ஏதாவது ஆயிருந்தா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "அவ மூஞ்சியை இனிமே எப்படிப் பாப்பேன்னு தெரியல," என்றார்.

கொஞ்சம் பொறுத்து அவள் சொன்னாள்: "அந்த சோப்புல வாசனையே கிடையாதுங்க. டாக்டர் எழுதிக் குடுத்தது."

மூக்கர் திரும்பிப் பார்த்தார். "அப்புறம் ஏன் மூணு நாளா அப்படிச் சிரிச்சுக்கிட்டே திரிஞ்ச?"

"வாசனை என்னோடதுன்னு நெனச்சேன்." சொல்லும்போதே அவளுக்குக் குரல் உடைந்தது. காலையிலிருந்து ஒத்திப்போட்ட அழுகை அது. நாற்பது பேரைக் காப்பாற்றிவிட்டு ஒரு சோப்புக்காக அழுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

"இங்க பாரு. மூக்குக்கு ஒண்ணும் தெரியலதான்," என்றார் அவர். "ஆனா நீ குளிச்சுட்டு வந்து உக்காந்தப்ப, எப்பவும் என்ன வாசனை வருமோ அது அப்படியே நெனப்புல வந்துச்சு. இருபத்திரண்டு வருஷமா வர்றது, எனக்குத் தெரியாதா? அது இனிமே வராதோன்னு பயந்துதான் அவசரமா ஏதோ சொன்னேன். சோப்புன்னு பேரை மாத்திச் சொல்லிட்டேன், அவ்வளவுதான். அழாத. ஈரம் ஆகாதுன்னு அன்னிக்கே சொல்லியிருக்கேன்."

அவள் முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவர் உறை மாட்டின கையை அவள் உறை மேல் வைத்தார். களிம்பு பிதுங்கி இரண்டு பேர் உடுப்பிலும் வழிந்தது.

பிறகு என்ன? சுவர்க் கருவி மறுநாளே வந்து சேர்ந்தது. அது அலறினால் இப்போது யாரும் முகம் சுளிப்பதில்லை. மேலாளருக்கு மேலிடத்தில் நல்ல டோஸ். மூக்கரை மூன்று மாதம் கிடங்குக்கு மாற்றினார்கள். வாய் திறக்காமல் போனார். பழைய கொக்கியில் நான்கு கண்ணாடித் துண்டுகள் தொங்குகின்றன. அவள் கடையில் மிச்சமானவை. சனிக்கிழமைதோறும் குட்டி அவற்றைக் கடைக்குக் கொண்டுவந்து, "அண்ணி, பாத்துச் சொல்லுங்க," என்று உருப்பெருக்கியின் கீழ் வைப்பாள். அண்ணி பார்த்துவிட்டு, "சுத்தம்," என்பாள்.

வீட்டில் அவள் தினமும் காலையில் ஒரு காரியம் செய்தாள். அவர் குளிக்கப் போனதும் ஒரு பழைய கிண்ணத்தில் ஒரு கரண்டிப் பாலை ஊற்றி அடுப்பில் வைத்து, வேண்டுமென்றே தீயவிட்டாள். கிண்ணத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கை ஓய்ந்தது. அவர் ஒவ்வொரு நாளும் தலையைத் துவட்டிக்கொண்டே வந்து, ஒன்றும் தெரியாமல் உட்கார்ந்து பேப்பரை விரிப்பார். அவள் ஜன்னலைத் திறந்துவிட்டு வேறு பேச்சுப் பேசுவாள்.

அறுபத்தோராவது நாள் பால் பழுப்பாகி, ஓரம் கருகி, புகை எழும்ப ஆரம்பித்தபோது, உள்ளே தண்ணீர் விழும் சத்தம் நின்றது.

"என்னம்மா அது?" என்று குளியலறையிலிருந்து குரல் வந்தது. "பால் தீயுதா?"

அவள் அடுப்பை அணைக்கவில்லை.

"என்னது?" என்றாள். "காதுல விழல. இன்னொரு தடவை சொல்லுங்க."